மகள் கார்ட்டூனுக்கு வெப்சைட் செய்கிறாள், தடுக்கலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகும் உங்கள் மகள், கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படிக்கும் பள்ளித் தோழியோடு சேர்ந்து, பஸ் கண்டக்டராக வேலை பார்க்கும் ஓர் அணிலுக்கு வெப்சைட் செய்துகொண்டிருக்கிறாள். பிளேஸ்மென்ட்டுக்குத் தயாராக வேண்டிய நேரத்தில் இந்த விளையாட்டு தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவைதான், தடுக்காதீர்கள். ஆனால் இருவரும் இதை இன்னும் விளையாட்டாகவே நடத்துகிறார்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதை மட்டும் மாற்ற வேண்டும்.

என்னிடம் வரும் ரெஸ்யூம்களில் பாதிக்கு மேல் லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம், இல்லையென்றால் அட்டெண்டன்ஸ் சிஸ்டம். அவற்றைப் பயன்படுத்துகிறவர் யாரும் கிடையாது, பக்கத்து பெஞ்சைத் தாண்டி யாரோடும் பேசிச் செய்ததும் கிடையாது. வேலையில் சேர்ந்தால் டிசைனர் ஒரு பக்கம், எழுதுகிறவர் ஒரு பக்கம் என்று வேறு தொழில்காரர்களோடுதான் நாள் முழுக்க இழுபறி. உங்கள் மகளுக்கு அது படிக்கும்போதே கிடைத்திருக்கிறது. பெயர்பெற்ற பாத்திரங்கள் பலவும் இப்படி இரண்டு பேர் கையில்தான் உருவாயின. நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சுப்பாண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து ஒரு வாசகர் அனுப்பிய கதைகளுக்கு ராம் வாயிர்கர் உருவம் கொடுக்க, 1983இல் டிங்கிள் இதழில் வந்தவன் அவன்.

சரி, முதலில் சரிசெய்ய வேண்டியது உரிமை விஷயம். அணில் யாருக்குச் சொந்தம் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். "ரெண்டு பேருக்கும்தான்" என்பாள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்தவர்தான் படத்தின் முதல் உரிமையாளர். கோடிங் எழுதியவருக்குக் கோடிங் சொந்தம், வசனம் எழுதியவருக்கு வசனம். "கண்டக்டர் அணில் என் ஐடியா" என்று மகள் சொல்லலாம், ஆனால் வெறும் ஐடியாவுக்குப் பதிப்புரிமை கிடையாது. நாளைக்குத் தோழிக்குக் கல்யாணமாகி ஆர்வம் போய்விட்டாலோ, ஒரு பதிப்பகம் அணிலைக் கேட்டு வந்தாலோ, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சூப்பர்மேனுக்குக் கதை எழுதிய ஜெர்ரி சீகலும் படம் வரைந்த ஜோ ஷஸ்டரும் 1938இல் 130 டாலருக்கு அதன் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னால் அதற்காகக் கோர்ட் படியேறி அலைந்தார்கள்.

அதனால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். முழு உரிமையையும் மகள் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லாதீர்கள். அது தோழிக்கு நியாயமில்லை, இப்போது தேவையுமில்லை. அணில் தோழியுடையதாகவே இருக்கட்டும். அதை இந்த வெப்சைட்டில் பயன்படுத்த மகளுக்கு அவள் அனுமதி தந்தால் போதும். அந்த அனுமதியில் எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளும். வெப்சைட்டை சிங்கப்பூரிலிருந்தும் திறந்து பார்ப்பார்கள் என்பதால் 'உலகம் முழுவதும்' என்று எழுத மறக்க வேண்டாம். டி-ஷர்ட், ஸ்டிக்கர் என்று காசு வந்தால் பங்கு எவ்வளவு, டொமைன் (வெப்சைட்டின் முகவரி) யார் பெயரில், பாதியில் ஒருவர் விலகினால் என்ன செய்வது, இவையும் அதே தாளில். பதிப்புரிமையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. டிரேட்மார்க்கைத் தனிநபர் ஆன்லைனில் பதிய, பொருள் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய் கட்டணம், அதை இப்போது நினைக்கவே வேண்டாம். தோழியின் பெயர் வெப்சைட்டில் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, கைமாற்றும் விதம். தோழி அச்சுக்கு வரைவதுபோல 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) பெரிய கோப்பாக வாட்ஸாப்பில் அனுப்புகிறாள், அது வரும்போதே சுருங்கி மங்கிவிடுகிறது, இவள் அதை அப்படியே பக்கத்தில் ஒட்டுகிறாள். இருவருக்கும் சண்டை எதனால் வருகிறது என்று புரிகிறதல்லவா? வரைவதற்கு முன்பே பேச வேண்டும். அணிலை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று காட்டும் ஒரு தாள், கோபம், சிரிப்பு, களைப்பு என முகபாவங்களுக்கு ஒரு தாள், நிறங்களின் குறியீட்டு எண்கள், இவை முதலில் முடிவாகட்டும். தெளிவான கோட்டோவியம் என்றால் எஸ்விஜி (SVG) கோப்பாகக் கேட்கலாம், படத்தைப் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகவே வைத்திருக்கும் வகை அது, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. வண்ணப்பூச்சுப் படம் என்றால் வெப்பி (WebP), வெப்சைட்டுக்கென்று அளவு குறைத்துச் சேமிக்கும் பட வகை. அணில் விசில் ஊத வேண்டும், கண் சிமிட்ட வேண்டும் என்றால் வாயும் கண்ணும் கையும் தனித்தனி லேயராக, அதாவது ஒன்றன்மேல் ஒன்று வைத்த தனி அடுக்குகளாக வர வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் தோழி மொத்தத்தையும் திரும்ப வரைய நேரும், அது இரண்டு வாரம்.

பேச்சுக் குமிழிக்குள் இருக்கும் தமிழ் எழுத்தைப் படத்தோடு சேர்த்து வரைய வேண்டாம். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தனி எழுத்தாக வைத்தால் கூகுளில் தேடக் கிடைக்கும், பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடரும் வாசிக்கும். தமிழில் தட்டுபவர்களிடம் பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு இன்னும் புழங்குகிறது. அதில் தட்டியதை வெப்சைட்டில் போட்டால் கிறுக்கலாகத்தான் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற யூனிகோடு எழுத்துரு இலவசம், உரிமத் தொல்லையும் இல்லை.

இண்டர்வியூவில் கேட்கப்போவதும் இந்த வேலையைப் பற்றித்தான். பக்கம் முதலில் திறக்க எத்தனை நொடி ஆனது, படங்களை எஸ்விஜி, வெப்பிக்கு மாற்றிய பிறகு எத்தனை நொடி என்று குரோமில் இருக்கும் லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவியில் அளந்து இப்போதே குறித்து வைக்கச் சொல்லுங்கள். 'கார்ட்டூன் வெப்சைட் செய்தேன்' என்பதைவிட அந்த இரண்டு எண்கள் அதிகம் பேசும்.

மூன்றாம் ஆண்டு தொடங்குமுன் முதல் வடிவம் வெளிவந்துவிட வேண்டும். ஒரு முகப்பு, அணிலைப் பற்றி ஒரு பக்கம், பத்துக் கதைத்துண்டுகள், அவ்வளவே. லாகின், கடை, மொபைல் ஆப் எல்லாம் அப்புறம். அதன்பின் ஆப்டிட்யூட் தேர்வுக்குப் படிக்க நேரம் தாராளமாக இருக்கும். இதற்கிடையில் மகளுக்கு டிசைன் பக்கம் மனம் சாய்ந்தால் பயப்படாதீர்கள். மூன்றாண்டுப் பட்டம் முடித்தவர்களும், இறுதியாண்டில் இருப்பவர்களும் டிசைன் முதுகலைப் படிப்புக்கான (எம்.டெஸ்.) சீட் (CEED) நுழைவுத் தேர்வை எழுதலாம்.

புது லேப்டாப் கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். பிரவுசரும், கோடிங் எழுதும் விஎஸ் கோடு மென்பொருளும் தடங்கலின்றி ஓடினால் இருப்பதே போதும், வெப்சைட்டை கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் இலவசமாகவே வெளியிடலாம். டொமைனுக்கு மட்டும் காசு கொடுங்கள், ஆனால் அந்தத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு.