லூகா போய் ஆந்தனி டேவிஸ் வந்ததில் டல்லாஸுக்கு நஷ்டமா? இருவரையும் எப்படி ஒப்பிடுவது?

கேட்டவர் டல்லாஸ் மேவரிக்ஸ் ரசிகர் என்பது கேள்வியின் சூட்டிலேயே தெரிகிறது. காலை ஆறு மணிக்கு எழுந்து, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்க்கிற ஆளாக இருப்பீர்கள். 2024 ஃபைனலில் பாஸ்டனிடம் 4-1 என்று தோற்றபோது அன்றைக்கு வேலையே ஓடியிருக்காது. அதனால் உங்களுக்கு வேண்டிய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரர் என்று பார்த்தால் லூகா டான்சிச்தான் மேல். 2025 பிப்ரவரியில் அவரை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் டீமுக்குக் கொடுத்து டேவிஸை வாங்கியபோது லூகாவுக்கு வயது 25, டேவிஸுக்கு 31. 2023-24 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 33.9 புள்ளி எடுத்து லீகிலேயே முதல் ஆளாக இருந்தவர் லூகா. இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

ஆனால் "எப்படி ஒப்பிடுவது" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் கடைக் கணக்கை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் அந்த டேவிஸ் நின்ற இடத்தில் நின்றவன். என்.பி.ஏ.வுக்கும் கூடலூர் பள்ளிக்கூட டீமுக்கும் என்ன சம்பந்தம் என்று கீழே ஒருவர் கேட்கத்தான் போகிறார். (தேனி மாவட்டக் கூடலூர். நீலகிரிக்காரர்கள் மன்னிக்கவும்.) ஆட்டத்தின் தரத்தை நான் ஒப்பிடவில்லை ஐயா. வாங்கிய வசவின் தரம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான் என்கிறேன்.

எங்கள் டீமில் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம், இப்போது குடும்பம் குட்டி என்று இருக்கிறான். அவன் அப்பா அம்மாவுக்குக் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. முதல் பஸ்ஸைப் பிடித்து லோயர்கேம்ப் வழியாக மலை இறங்கிப் பள்ளிக்கு வருவான். பந்து அவன் கைக்குப் போனதும் எதிர் டீம் பி.டி. சார் எழுந்து நின்றுவிடுவார். இரண்டு கையாலும் டிரிபிள் செய்வான் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுவது), ஆளைப் பார்க்காமலே பாஸ் போடுவான், ஆட்டம் முடிகிற நேரத்தில் பந்தை வேறு யாருக்கும் தரவே மாட்டான், தர வேண்டிய அவசியமும் இருக்காது. பத்தாவது முடித்ததும் கேரளாவில் ஹாஸ்டலோடு விளையாட்டுப் பள்ளியில் இடம் கிடைத்தது, போய்விட்டான். "அங்கே மின்வாரியத்துக்கே டீம் இருக்கு தம்பி, ஆட்டம் இருந்தா சோறு இருக்கு" என்று அவன் அப்பா சொன்னார். அந்தக் கணக்கில் தப்புச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது.

பிளஸ் ஒன்னில் அவன் இடத்துக்கு என்னைப் போட்டார்கள். இடம் மட்டுமில்லை, சட்டையும் அவனுடையதுதான். டீமுக்கு ஜெர்ஸி எடுத்துக் கொடுத்தவர் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடை முதலாளி. ஒரு செட்தான் கொடுத்தார், அதைப் போட்டே மூன்று பேட்ச் பையன்கள் ஆடினார்கள். அப்போதெல்லாம் நம்பர் 4 முதல் 15 வரைதான். அவன் போட்டது 7. அவன் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன அதே 7 என் தலையில் விழுந்தது. கோர்ட்டை ஒட்டி டீக்கடை வைத்திருந்த மாமா, ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஆரம்பித்துவிடுவார்: "டேய் ஏழு, அவன் இருந்தா இந்நேரம் நாலு பாஸ்கெட் விழுந்திருக்கும்டா!" நாலு என்பது ஆளுக்கு ஆள் மாறும். கறிக்கடை அண்ணனுக்கு அது ஆறு.

நான் எப்படிப்பட்ட ஆள் என்றால், உயரம் உண்டு, தாவல் உண்டு. ரீபவுண்ட் (ரிங்கில் விழாமல் திரும்புகிற பந்து) எடுப்பேன், போர்டுக்குக் கீழே ஆளை நகரவிடாமல் நிற்பேன். இடது கையால் டிரிபிள் மட்டும் வராது. அவன் ஆடிய இடம் என்பதற்காக என்னையே பந்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். பெரியகுளத்துப் பையன்களோடு ஆட்டம். தேனிப் பக்கம் பாஸ்கெட்பால் தெரிந்தவர்களுக்குப் பெரியகுளம் என்றால் விளக்க வேண்டாம். மே மாதம் அகில இந்தியப் போட்டி நடத்துகிற ஊர், பேங்க் டீம், மிலிட்டரி டீம் எல்லாம் வந்து ஆடுகிற மண். அந்தப் பையன்கள் பாதிக் கோர்ட்டைத் தாண்டுவதற்குள் என் கையிலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் பி.டி. சார் திரும்பி வரும் வேனில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள், "இனிமே பந்தை நீ தொட்டுக் கொண்டாராத. சின்னவன் கொண்டாரட்டும். நீ ஸ்கிரீன் போட்டு நில்லு, விழுந்ததை எடு" என்றார். சின்னவன் என்றது டீமில் இருந்த இன்னொரு பையனை. ஸ்கிரீன் என்றால் நம் ஆள் தப்பிப் போக எதிராளியின் வழியை மறித்து நிற்பது. அவ்வளவுதான் அவருடைய ஸ்டிராட்டஜி. ஆனால் அது போதுமானதாக இருந்தது.

எனக்கு ஆற்றாமை எதில் என்றால் ஸ்கோர் ஷீட்டில். பள்ளிக்கூட ஆட்டங்களில் எழுதுகிற ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புள்ளி எழுத இடமுண்டு, பவுல் குறிக்க ஐந்து கட்டமுண்டு. ரீபவுண்டுக்கு இடம் கிடையாது. ஸ்கிரீனுக்கு எந்த நாட்டிலும் கிடையாது. ஆக, போன வருஷத்து ஷீட்டில் 7ஆம் நம்பருக்கு நேரே புள்ளிகள் ரயில் மாதிரி ஓடும். இந்த வருஷத்து ஷீட்டில் அதே 7க்கு நேரே ஒன்றிரண்டு பாஸ்கெட்டும், கட்டம் நிறையப் பவுலும். நான் போட்ட ஸ்கிரீனில் சின்னவன் தனியாகப் போய் லே-அப் போட்டால் அது சின்னவன் கணக்கு. நியாயம்தான், போட்டவன் அவன்தானே. ஆனால் அந்த ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் போனவனையும் ஒப்பிட்டால் என்ன விடை வரும்?

அதே வருஷம் பிராக்டிஸும் ஒழுங்காக நடக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற வண்டியெல்லாம் எங்கள் ஊர் ரோட்டில்தான்.  ராத்திரி பகல் தெரியாது. காலியாக ஒரு கிரவுண்ட் கண்ணில் பட்டால் பஸ் உள்ளே வந்து நின்றுவிடும், யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். சிமெண்ட் கோர்ட்டின் மேலேயே அடுப்பு மூட்டிச் சமையல். தை பிறந்து வண்டிகள் போனபிறகு ஃப்ரீ த்ரோ கோட்டைச் சுற்றி ஆயில் திட்டும் கரித் தடமும்தான் இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தது நாங்கள். நானும் மாலை போட்டு மலைக்குப் போகிறவன்தான், சாமி விஷயத்தில் வம்புக்கு வராதீர்கள். வண்டி நிறுத்த ஊருக்கு வெளியே இடம் பார்த்துக் கொடுக்க வேண்டியவர்கள் பள்ளிக்கூடப் பையன்களின் கோர்ட்டைக் கொடுத்தார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். இது கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இருந்தாலும் இதை எங்கேதான் சொல்வது?

சரி, டேவிஸ். அவர் டல்லாஸுக்கு வந்தபோதே வயிற்றுத் தசைக் காயத்தோடு வந்தார். ஊருக்கு வந்து சேர்வதற்கு முன்பே ரசிகர்கள் லூகா போன துக்கத்தில் அரங்கத்துக்கு வெளியே, டல்லாஸின் பழைய நட்சத்திரம் டிர்க் நோவிட்ஸ்கி சிலைக்குப் பக்கத்தில் சவப்பெட்டி கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பிப்ரவரி 8 அன்று ஹூஸ்டனுக்கு எதிராக முதல் ஆட்டம்: 26 புள்ளி, 16 ரீபவுண்ட், 7 அசிஸ்ட் (பாஸ்கெட் விழ வைத்த பாஸ்), டீமும் ஜெயித்தது. ஆனால் மூன்றாவது குவார்ட்டரிலேயே தொடைப் பக்கம் அடிபட்டு வெளியே போனவர் மார்ச் கடைசியில்தான் திரும்பினார். அதற்குள் கைரி இர்விங்குக்கு முழங்காலில் தசைநார் அறுந்து சீசனே முடிந்துவிட்டது. கவனியுங்கள், லூகா போனபிறகு பந்தைக் கொண்டுவர வேண்டியவர் இர்விங்தான். டேவிஸ் 6 அடி 10 அங்குல ஆள், ரிங்குக்குப் பக்கத்தில் நின்று அடைப்பதும் முடிப்பதும் அவர் வேலை. லூகா பாஸ் போடுகிற ஆள், டேவிஸ் பாஸ் வாங்குகிற ஆள். இரண்டு பேரும் ஒரே டீமில் இருந்திருந்தால் பொருத்தமான ஜோடி. ஒருவர் சட்டையை மற்றவருக்கு மாட்டிவிட்டு "அவனைப் போல ஆடு" என்றால் டேவிஸ் என்ன செய்வார்?

ஏப்ரல் 9 அன்று லூகா லேக்கர்ஸ் சட்டையில் டல்லாஸுக்கு வந்து, அவருக்காகப் போட்ட வீடியோவைப் பார்த்து பெஞ்சில் அழுதுவிட்டு, பிறகு எழுந்து போய் 45 புள்ளி அடித்தார். அன்றைக்கு நானும் கண் கலங்கினேன். அரங்கத்தில் எழுந்த கூச்சலெல்லாம் மேனேஜர் நிக்கோ ஹாரிசனை வெளியே அனுப்பச் சொல்லித்தான். அந்தக் கூச்சல் நியாயம். தற்காப்பு ஆட்டம்தான் கோப்பை வாங்கித் தரும் என்று சொல்லி இந்த வியாபாரத்தைச் செய்தவர் அவர். கடைசியில் 2025 நவம்பரில் அவர் வேலையும் போனது. ஆனால் மேனேஜர் மேல் உள்ள கோபத்தை, கேட்காமலே ஊர் மாற்றப்பட்ட ஆள் மேல் ஏன் இறக்க வேண்டும்? எங்கள் ஊரிலும் அப்படித்தான். அவன் போனதில் கோபம். அவன் அப்பாவைத் திட்ட முடியாது, கேரளாவைத் திட்டி என்ன பயன், கையெட்டும் தூரத்தில் இருந்தது நான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, லூகா ரசிகர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். 1993 அக்டோபரில் மைக்கேல் ஜோர்டான் திடீரென ஓய்வு என்று சொல்லிவிட்டுப் போனார். முந்தைய சீசனில் அவர் சராசரி 32.6 புள்ளி. அவர் ஆடிய இடத்தில் அவருடைய டீமான சிகாகோ புல்ஸ் பீட் மயர்ஸை இறக்கியது. 1986இல் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அதே சிகாகோ ஆறாவது ரவுண்டில் எடுத்து, பிறகு பல டீம் மாறி, இத்தாலி வரைக்கும் போய் ஆடிவிட்டு வந்த மனிதர். அந்த சீசனில் அவர் சராசரி 7.9. ஷீட்டை மட்டும் பார்த்தால் பரிதாபம். ஆனால் ஜோர்டானோடு 57 ஆட்டம் ஜெயித்த டீம், மயர்ஸோடு 55 ஜெயித்தது. இரண்டே ஆட்டம்தான் குறைவு! ஸ்காட்டி பிப்பனோடு ஹொரேஸ் கிராண்ட், பி.ஜே. ஆம்ஸ்ட்ராங் இருவரும் அந்த வருஷம், லீகின் சிறந்த ஆட்கள் மட்டும் ஆடுகிற ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குப் போனார்கள். கிராண்டும் ஆம்ஸ்ட்ராங்கும் அதற்கு முன்பு போனதே இல்லை. ஜோர்டான் கையில் இருந்த பந்து நாலு பேருக்குப் பிரிந்தது. மயர்ஸ் தனக்கு வேண்டும் என்று கேட்காமல் எதிர் டீமில் பந்தைக் கொண்டுவருகிற முக்கியமான ஆளைத் தடுத்துக்கொண்டு நின்றார்.

எங்கள் டீமிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. போனவன் இருந்தவரை சின்னவன் கோர்ட்டில் இருக்கிறானா என்றே யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் அவன்தான் பந்தைக் கொண்டுவந்தான், அடுத்த வருஷம் மாவட்ட டீமில் ஆடினான். ஓணம் லீவில் போனவன் ஊருக்கு வந்து சாயங்காலம் எங்களோடு ஆடினான். டீக்கடை மாமா அவனுக்கு வடையோடு டீ கொடுத்தார், காசு வாங்கவில்லை. எனக்கு இன்றுவரை ஒரு டீகூட இலவசமாகக் கொடுத்ததில்லை. ஆட்டம் அற்புதமாகத்தான் இருந்தது, ஹாஸ்டல் அவனை இன்னும் தீட்டியிருந்தது. ஆனால் அவன் பந்தை வைத்துக்கொண்டு விளையாட, சின்னவன் உட்பட மற்ற நாலு பேரும் பழையபடி கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா, "இதுதான்டா ஆட்டம்" என்றார். ரெண்டு பேரையும் சேர்த்து ஆடவிட்டால் எப்படி இருக்கும் என்று பி.டி. சார் மட்டும் கேட்டார். மாமா காதில் அது விழவில்லை.

அதனால் டேவிஸை எடைபோட வேண்டுமென்றால், அவர் கோர்ட்டில் இருந்த ஆட்டங்களில் எதிர் டீம் ரிங்குக்குக் கீழே எத்தனை தடவை தடுமாறியது, டல்லாஸின் மற்ற ஆட்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அடிக்கடி காயப்பட்டார், அது உண்மை. அது அவர் பேரில் எழுத வேண்டிய குறைதான், நான் மறைக்கவில்லை. அவர் லூகா இல்லை என்பதை மட்டும் குறையாக எழுதாதீர்கள்.

"அப்போ ஜோர்டானும் மயர்ஸும் ஒண்ணா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இல்லை. 55 ஜெயித்த அந்த டீம் இரண்டாவது சுற்றில் நியூயார்க்கிடம் ஏழாவது ஆட்டம்வரை போய்த் தோற்றது. 1995 மார்ச்சில் ஜோர்டான் திரும்பி வந்து, அடுத்து முழுதாக ஆடிய மூன்று சீசனிலும் கோப்பை. எனக்கும் தெரியும்.