மைதான ஓரம்: வாசகர் கேள்விகள், எமது பதில்கள்

கேள்வி: எங்கள் கல்லூரி அணி ஒரு ஞாபகார்த்த உதைபந்துக் கிண்ணத்துக்குப் போனது. 12 அணிகள், தோற்றால் வெளியேறும் விலகல் முறை. முதல் ஆட்டம் கோலின்றிச் சமநிலை. சமநிலை தவிர்ப்பு உதையில் தோற்று, பத்து மணிக்கே பெடியள் பஸ் ஏறிவிட்டார்கள். வேறு முறையே இல்லையா?
– பழைய மாணவர், மல்லாவி

பதில்: இருக்கிறது. அத்தனை தூரம் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரே ஆட்டத்தோடு அனுப்புவதை நாம் ஏற்கமாட்டோம். விலகல் முறையில் 12 அணி என்றால் நான்கு அணிகளுக்குப் ‘பை’ கிடைக்கும், அதாவது முதல் சுற்று ஆடாமலே அடுத்ததுக்குப் போகும். மற்ற எட்டில் நான்கு முதல் சுற்றோடு வீடு போகும். பை கிடைத்தவர்களும் அடுத்ததில் தோற்றால் அதே கதைதான். மொத்தம் 11 ஆட்டங்கள்.

மூன்று மூன்றாக நான்கு குழு போட்டுப் பாருங்கள். குழு ஆட்டங்கள் 12, குழுவில் முதலாவதாக வந்த அணிகளுக்கு அரையிறுதி 2, இறுதி 1, ஆக 15. நான்கே ஆட்டங்கள் கூட; ஆனால் எந்த அணியும் இரண்டு ஆட்டமாவது ஆடாமல் போகாது. பாதிக்கு 20 நிமிடம், இடைவேளை 5, அணிகள் மாற 5 என்று ஆட்டத்துக்கு 50 நிமிடம் வையுங்கள். முதல் நாள் காலை 6.30 முதல் 10.40 வரை ஐந்து ஆட்டம், பின்னேரம் 3.30 முதல் 6 மணி வரை மூன்று. உச்சி வெயிலில் ஒருவரும் ஓடத் தேவையில்லை. இரண்டாம் நாள் காலை மிச்சம் நான்கு குழு ஆட்டம், பின்னேரம் 3 மணிக்கு அரையிறுதிகள். இறுதி ஆட்டம் 5.20க்கு முன் வேண்டாம். இரண்டாவது அரையிறுதியில் வென்றவர்களுக்கு முக்கால் மணி ஓய்வாவது வேண்டும்.

மூன்று அணிக் குழுவில் ஒரு சிக்கல் உண்டு. முதல் ஆட்டத்தில் வென்ற அணியே இரண்டாவதையும் ஆடி வென்றால், மூன்றாவது ஆட்டம் வெறும் கணக்குக்குத்தான். அதனால் முதல் ஆட்டத்தில் தோற்ற அணியை இரண்டாவதில் இறக்குங்கள். கடைசி ஆட்டம் வரை குழு உயிரோடு இருக்கும்.

புள்ளிகள் சமன் ஆனால் என்ன செய்வது என்பதைக் குலுக்கலுக்கு முன்னரே எழுதி, ஒவ்வொரு பொறுப்பாசிரியரிடமும் கையொப்பம் வாங்குங்கள். சண்டை அநேகமாக இங்கேதான் தொடங்குகிறது. எமது ஒழுங்கு: இரு அணிகளும் தமக்குள் மோதிய ஆட்டத்தின் முடிவு, பிறகு கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல்கள், கடைசியாகத் திருவுளச்சீட்டு. கோல் வித்தியாசத்தை முதலில் வைத்தால், பதினொரு பேரைச் சேர்க்கவே சிரமப்படும் சின்னப் பாடசாலைக்கு ஒன்பது கோல் அடிக்கிற அணிக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: த்ரோவில் (கோட்டுக்கு வெளியே நின்று கையால் எறிவது) வந்த பந்தை எடுத்து எதிரணி கோல் அடித்தது. எங்கள் வீரர்கள் எல்லோரும் ‘ஓஃப் சைட்’ என்று கை தூக்கி நின்றார்கள். மத்தியஸ்தர் கோல் கொடுத்துவிட்டார். சரியா?
– மாணவி, கிளிநொச்சி

பதில்: சரி. தன் அணி வீரர் பந்தைத் தட்டும் நேரத்தில் எதிரணி ஆட்களைத் தாண்டி கோலுக்குக் கிட்ட நின்று அதை ஆடுவதுதான் ஓஃப் சைட். ஆனால் த்ரோ, மூலை உதை, கோல் உதை மூன்றிலிருந்தும் நேரே வரும் பந்துக்கு ஓஃப் சைட் கிடையாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: கணக்கு கடைசித் தடுப்பு வீரரோடு அல்ல, எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளோடு. வழக்கமாகக் கடைசி ஆள் கோல் காப்பாளர். அவர் முன்னே ஏறிவிட்டால், பின்னால் ஒரு தடுப்பு வீரர் நிற்பது போதாது. கொடி பிடிப்பவர் அந்த ஆளுக்கு நேராகப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பந்தின் பின்னால் ஓடினால் கோணம் பிழைத்துவிடும்.

கேள்வி: பயிற்றுநர் தினமும் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட விடுகிறார். ஆனாலும் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் கோல் வாங்குகிறோம்.
– ரசிகர், முள்ளியவளை

பதில்: ஒரே வேகத்தில் சுற்றி ஓடினால், ஒரே வேகத்தில் ஓடத்தான் கால் பழகும். உதைபந்தில் பாய வேண்டும், நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடியும் பாய வேண்டும். 30க்கு 20 மீற்றர் கட்டம் போட்டு நாலுக்கு நாலு ஆடவிடுங்கள். 4 நிமிடம் ஆட்டம், 2 நிமிடம் ஓய்வு. முதல் வாரம் மூன்று தடவை, பிறகு ஐந்து வரை கூட்டலாம். கிழமைக்கு இரண்டு நாள் போதும், ஆட்டத்துக்கு முதல் நாள் வேண்டாம். வெளியே போன பந்துக்கு ஓடி நேரம் போகாமல் கட்டத்தைச் சுற்றி நாலைந்து பந்து வைத்திருங்கள். இல்லாவிட்டால் நாலு நிமிடத்தில் பாதி ஓய்வாகவே போய்விடும்.

கிரவல் மைதானமென்றால் பந்தின் காற்றையும் பாருங்கள். சட்டப்படி அமுக்கம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம், அதாவது 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. (பம்பு மீற்றரில் உள்ள அளவு) வரை. கல்லுப் போல இறுகிய தரையில் மேல் எல்லைக்கு ஏற்றினால் பந்து தோளுக்கு மேலே துள்ளும். பிள்ளைகள் அடக்கப் பழகாமல் தூக்கி அடிக்கத்தான் பழகுவார்கள். 9 பி.எஸ்.ஐ. அளவில் வையுங்கள். பம்பில் மீற்றர் இல்லாமல் விரலால் அமுக்கிப் பார்ப்பது ஏமாற்றும். வெயிலில் கிடந்த பந்து, நிழலில் இருந்ததை விட இறுக்கமாகத் தெரியும்.

கேள்வி: கோல் காப்பாளர் பந்தைக் கட்டிப்பிடித்து நேரம் கடத்தினால்?
– மாணவன், வவுனியா

பதில்: 2025 ஜூலை முதல் சட்டம் மாறிவிட்டது. பழைய 6 செக்கன் இப்போது 8. மீறினால் முன்போல மறைமுக உதை (நேரே கோல் அடிக்க முடியாத உதை) அல்ல, எதிரணிக்கு மூலை உதை. மத்தியஸ்தர் கடைசி 5 செக்கனையும் கை தூக்கி விரல்விட்டுக் காட்டுவார். உங்கள் சுற்றுப்போட்டியில் இது நடைமுறையில் உள்ளதா என்று ஆட்டத்துக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் நாளில் நாணயச் சுழற்சியில் வென்றால் எதைக் கேட்பது?
– அணித்தலைவர், துணுக்காய்

பதில்: பக்கத்தைக் கேளுங்கள். 2019 முதல் வென்றவர் பக்கத்தையோ, தொடக்க உதையையோ தெரிவு செய்யலாம். பின்னேர ஆட்டமென்றால் முதல் பாதியில் காற்று உங்கள் முதுகில் இருக்கட்டும். பொழுதுபட அது அடங்கும், இரண்டாம் பாதியில் எதிரணிக்கு அவ்வளவு உதவாது. எதிர்க்காற்றில் ஆடும்போது கோல் உதையை நீட்டி அடிக்க வேண்டாம். பந்து இப்போது தண்டப் பரப்பை (கோலுக்கு முன்னுள்ள பெரிய கட்டம்) தாண்ட வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் தடுப்பு வீரருக்கே தட்டிவிடலாம்.