பக்கத்து சைட்டில் கட்டடம்: பெங்களூரு வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் தெரு மூலையில் பழைய வீட்டை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டப்போகிறார்களாம். இது குடியிருப்பு மண்டலம். எங்களை யாருமே கேட்கவில்லையே? (அல்சூர்)

பதில்: நிலத்தின் உபயோகத்தையே மாற்றுகிறார்களா, இருக்கிற மண்டல விதிப்படி பிளான் வாங்கிக் கட்டுகிறார்களா? முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். உபயோக மாற்றம் என்றால், கர்நாடக நகர ஊரமைப்புச் சட்டம் (1961) பிரிவு 14ஏ-படி நாளிதழில் அறிவித்து, ஆட்சேபணைக்குக் குறைந்தது 15 நாள் தரவேண்டும். கன்னடத்தில் பொடி எழுத்தில் வருகிற அந்த அறிவிப்பைத்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். கன்னடம் படிக்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள். தெரு அவருக்கும் சொந்தம்தானே.

குடியிருப்பு மண்டலத்திலும் சாலை அகலத்தைப் பொறுத்துச் சில கடைகளுக்கு அனுமதி உண்டு. அதனால் பிளான் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள். நகல் வந்ததும் டேப்பைப் பிடித்துத் தெருவை அளங்கள். பிளானில் 40 அடி என்று போட்டு, நேரில் 28 அடிதான் இருந்தால், அதை ஆட்சேபணை மனுவில் எழுதுங்கள். 'டிராஃபிக் கூடும்' என்று நூறு பேர் கையெழுத்துப் போட்ட மனுவைவிட இந்த ஒரு வரிக்குப் பலம் அதிகம். மனுவைக் கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

கேள்வி: வாடகைக்கு இருப்பவர் ஆட்சேபிக்கலாமா?

பதில்: தாராளமாக. 14ஏ பொதுமக்கள் என்றுதான் சொல்கிறது, வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை.

கேள்வி: ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) ஓரத்தில் அபார்ட்மென்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். மழைக்காலத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. கால்வாயை நெருக்கினால் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். 2015 மாஸ்டர் பிளான் கால்வாயின் தரத்தைப் பொறுத்து 50, 25, 15 மீட்டர் காலி இடம் விடச் சொல்கிறது, அதுவும் கால்வாயின் நடுவிலிருந்து. அரசின் திஷாங்க் செயலியை அந்த இடத்தில் நின்று திறந்தால் சர்வே எண் தெரியும், பழைய நீரோட்டமும் தெரியும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தோண்டிய குழியின் போட்டோவோடு இன்றே புகார் கொடுங்கள். கான்கிரீட் விழுந்தபிறகு நிறுத்துவது ரொம்பக் கஷ்டம்.

கேள்வி: பக்கத்தில் நாலு மாடி எழும்புகிறது. எங்கள் ஜன்னலுக்கு வெளிச்சம் போய்விடுமே?

பதில்: 20 வருடம் தடையில்லாமல் அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் 1882ஆம் வருட ஈஸ்மென்ட் சட்டத்தில் உரிமை உண்டு. அழகான காட்சி மறைகிறது என்பதற்கு இல்லை. சரி, வழக்குக்கு முன்னால் அவர்கள் விட்டிருக்கும் செட்பேக்கை (எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவில் விடவேண்டிய இடம்) அளந்து பாருங்கள். பிளானில் இருப்பதைவிடக் குறைந்தால், மாநகராட்சிப் பொறியாளரிடம் எழுத்தில் புகார் கொடுப்பதே சீக்கிரமான வழி.