சளி மாத்திரையில் பாதியைக் குழந்தைக்கும் கொடுக்கலாமா?

வீட்டில் எல்லோருக்கும் சளி, நான் போடும் மாத்திரையையே அளவு குறைத்து மூன்று வயது மகளுக்கும் எழுபது வயது அப்பாவுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வயது மாறினால் அளவு மட்டும் மாறுவதில்லை, மருந்தே மாற வேண்டியிருக்கும்.

நானும் ஒருமுறை இப்படிக் கொடுத்தவன். அப்பாவுக்கு அப்போது 72 வயது, புராஸ்டேட் வீக்கம் உண்டு. இரண்டு வேளைதான் போட்டார். நள்ளிரவில் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், சொட்டுச் சிறுநீர் இறங்கவில்லை, அடிவயிறு கல் மாதிரி இருந்தது. மருத்துவமனையில் டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள். அப்புறம்தான் அட்டையைத் திருப்பிப் படித்தேன்: குளோர்பெனிரமின் (அலர்ஜி மருந்து), பினைலெஃப்ரின் (மூக்கடைப்பு மருந்து), பாராசிட்டமால். முதல் இரண்டுமே சிறுநீரை அடைக்கக்கூடியவை. இதில் பினைலெஃப்ரினை வாய்வழி சாப்பிட்டால் மூக்கடைப்புக்குப் பலனே இல்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு 2023-இல் சொல்லிவிட்டது. மூக்கடைப்பு மாத்திரைகள் பிரஷரையும் ஏற்றலாம். குளோர்பெனிரமின் போன்ற பழைய அலர்ஜி மருந்துகளால் வயதானவர்களுக்குக் குழப்பம் வரும், தடுமாறி விழுவார்கள். லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின் ஆகிய புதிய அலர்ஜி மருந்துகளில் தூக்கக் கலக்கம் குறைவு. ஆனாலும் சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சரி, உங்கள் மகள். நான்கு வயதுக்குள் பல மருந்துகள் கலந்த சளி, இருமல் மருந்துகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அந்த வயதில் பலன் உறுதியில்லை, ஆபத்து உறுதியாக உண்டு. மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து, இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் போதும் (ஒரு வயதுக்குள் தேனும் கூடாது, பாட்டுலிசம் என்ற நச்சுப் பாதிப்பு வரலாம்). கோடீன் கலந்த இருமல் சிரப் 12 வயதுக்குள் கூடவே கூடாது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரினும் வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுப்பதானால் எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு 180. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ் சிலவற்றில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லியில் 120 இருக்கலாம், 250 இருக்கலாம். சிரப் என்று நினைத்து டிராப்ஸை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும்! பாட்டிலில் எழுதியிருப்பதைப் படியுங்கள், சமையலறை ஸ்பூனை விட்டுவிட்டு மருந்தோடு வரும் மூடியில் அளந்து ஊற்றுங்கள்.

உங்களுக்கும் இரண்டு வார்த்தை. சளி மாத்திரையிலேயே பாராசிட்டமால் இருக்கும்போது காய்ச்சல் மாத்திரையும் சேர்த்துப் போட்டால் கல்லீரலுக்கு ஆபத்து. ஆக்ஸிமெட்டாசோலின் மூக்கு ஸ்பிரேயை மூன்று நாளுக்கு மேல் அடித்தால் மூக்கு முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர் என்றால் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள இருமல் மருந்தைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மகளுக்கு மூச்சு விடும்போது விலா உள்ளே குழிந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ, எந்த மருந்தையும் தேடிக்கொண்டிருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள்.