பாதியில் நிற்கும் இன்ஸ்டாலேஷன்: கணினி கேள்வி–பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய கோர் 2 டுவோ டெஸ்க்டாப். 2 ஜிபி ரேம் இரண்டு போட்டிருக்கிறது. விண்டோஸ் 10 இன்ஸ்டால் செய்தால், ஃபைல்கள் காப்பி ஆகும் கட்டத்தில் ஒரு தடவை 20 சதவீதத்தில் நிற்கிறது, இன்னொரு தடவை 63 வரை போய் நிற்கிறது. ஃபைல் கெட்டிருக்கிறது என்று சொல்லி, 80070570 என்று முடியும் எர்ரர் எண்ணைக் காட்டுகிறது. ஐஎஸ்ஓவை, அதாவது விண்டோஸ் இன்ஸ்டாலேஷன் முழுதும் அடங்கிய ஃபைலை, மறுபடி மறுபடி டவுன்லோட் செய்து பார்த்தாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, மாற்று என்கிறார் நண்பர். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள். துப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது அல்லவா? ஐஎஸ்ஓ கெட்டிருந்தாலோ, பென் டிரைவில் ஏதோ ஓரிடத்தைப் படிக்க முடியாமல் போனாலோ, பெரும்பாலும் அதே இடத்தில்தான் போய் முட்டிக்கொண்டு நிற்கும். இடம் மாறிக்கொண்டே இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ரேமைத்தான்.

விண்டோஸின் ஃபைல்கள் எல்லாம் ஐஎஸ்ஓவுக்குள் ஒரே பெரிய ஃபைலில் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கின்றன. இன்ஸ்டாலர் அதைத் துண்டு துண்டாக எடுத்து, ரேமில் வைத்து விரித்து, சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து அப்புறம் டிஸ்க்கில் எழுதுகிறது. இந்த வழியில் ரேமில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் கணக்கு உதைக்கும். ரேம் கெட்டிருக்கிறது என்று இன்ஸ்டாலருக்கு எப்படித் தெரியும்? கைக்கு வந்த ஃபைல் சரியில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், அதையே சொல்கிறது. நீங்களும் அதை நம்பி டவுன்லோடைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறீர்கள். பழைய விண்டோஸ் இதே ரேமில் ஓடிக்கொண்டுதானே இருந்தது என்று கேட்கலாம். ஓடியிருக்கும், நடுநடுவே காரணமில்லாமல் ஹேங்கும் ஆகியிருக்கும், விண்டோஸ் என்றால் அப்படித்தான் என்று விட்டிருப்பீர்கள்.

மெயின் ஸ்விட்சை அணைத்து, பவர் கேபிளையும் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். இரண்டு ரேமையும் கழற்றி, கீழ் விளிம்பில் பொன் நிறத்தில் வரிசையாக இருக்கும் பின்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகள்களை ஊதிவிடுங்கள். ஸ்லாட்டையும் ஊதுங்கள். அப்புறம் ஒரே ஒரு ரேமை மட்டும் போடுங்கள், இரண்டு பக்கத்து கிளிப்பும் டக்கென்று தானாக மூடும்வரை அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மூடிய ரேமோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு.

இப்போது மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற ரேமைச் சோதிக்கும் இலவசக் கருவியைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை பூட் செய்து (துவக்கி), ஒரு சுற்று முழுதாக முடியும்வரை ஓட விடுங்கள். சிவப்பில் ஒரு வரி வந்தாலும் போதும், அந்த ரேமை நம்ப வேண்டாம். ஸ்லாட்டை மாற்றிப் போட்டு இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் ரேம் நன்றாக இருந்து ஸ்லாட் கெட்டிருப்பதும் உண்டு. பிறகு இரண்டாவது ரேமுக்கும் இதே வைத்தியம். ஒன்றுதான் தேறுகிறது என்றால் அந்த 2 ஜிபியை மட்டும் வைத்து இன்ஸ்டால் செய்யுங்கள். 64 பிட் விண்டோஸ் 10 கேட்பதே குறைந்தது 2 ஜிபிதான். வேகம் இருக்காது, ஆனால் இன்ஸ்டால் முடியும்.

ரேம் இரண்டும் சுத்தம் என்று வந்தால் வேறு பென் டிரைவில், பின்பக்க யுஎஸ்பி போர்ட்டில் முயலுங்கள். முன்பக்க போர்ட் உள்ளே ஒரு வயர் மூலம் மதர்போர்டுக்குப் போகிறது, பழைய கேபினெட்டில் அந்த வயரை நம்ப முடியாது. ஐஎஸ்ஓவையும் ஒரேயடியாகச் சரிபார்த்துவிடலாம். வேறு நல்ல கணினியில் 7-ஜிப் இருந்தால், ஃபைலை ரைட் கிளிக் செய்து ஷா-256 எண்ணை (ஃபைலின் கைரேகை மாதிரி) எடுத்து மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் இனி டவுன்லோட் பக்கம் போகவே வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கின் முறை கடைசியில்தான், அதிலும் முதலில் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டி டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்க்கும்போது கரன்ட் பெண்டிங் செக்டர் (படிக்கத் தடுமாறும் இடங்கள்) என்ற வரியின் ரா வேல்யூவில் பூஜ்யம் இல்லாமல் வேறு எண் இருந்தால், அப்போது நண்பர் சொன்னதைக் கேளுங்கள்.

ஒரு விஷயம், விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்டுகள், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வங்கிக் கணக்கைப் பார்க்கப் பயன்படுத்தும் கணினி என்றால், விண்டோஸுக்குப் பதிலான லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பற்றியும் யோசியுங்கள்.

கேள்வி: அப்படியானால் அதே கோர் 2 டுவோவில் விண்டோஸ் 11 போட ஏதாவது குறுக்கு வழி இருக்கிறதா?

பதில்: இப்போதைய பதிப்புகளுக்கு இல்லை. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதிகளான டிபிஎம் 2.0 சோதனையை ஏமாற்றலாம், செக்யூர் பூட்டை ஏமாற்றலாம், பிராசசரில் இல்லாத கட்டளையை ஏமாற்ற முடியாது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து பாப்கவுன்ட் என்ற கட்டளை பிராசசரிலேயே இருந்தாக வேண்டும், கோர் 2 வரிசையில் அது கிடையாது. பூட்டே ஆகாது.

கேள்வி: டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், இதில் எம்பிஆர் (டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய முறை) பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, இஎஃப்ஐ கணினியில் ஜிபிடி (புதிய முறை) டிஸ்க்கில்தான் விண்டோஸ் போட முடியும் என்று சொல்லி அடம்பிடிக்கிறது. டிஸ்க்கை அழித்தே ஆக வேண்டுமா? டி டிரைவில் குடும்பப் படங்கள் இருக்கின்றன.

பதில்: வேண்டாம், வேண்டாம், விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் கிளீன் கட்டளை கொடுக்கச் சொல்லி யாராவது சொன்னால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அது சி, டி என்று பார்க்காது, மொத்த டிஸ்க்கின் பார்ட்டிஷன்களும் போய்விடும்.

உங்கள் சிக்கல் டிஸ்க்கில் இல்லை, பென் டிரைவ் பூட் ஆன விதத்தில் இருக்கிறது. பூட் மெனுவைத் திறந்தால் பல மதர்போர்டுகளில் அதே பென் டிரைவ் இரண்டு தடவை தெரியும், ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ (திரையில் வந்த இஎஃப்ஐ இதுதான், புதிய பூட் முறை) என்று இருக்கும், இன்னொன்று வெறும் பெயரோடு. நீங்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். வெறும் பெயரோடு இருப்பதிலிருந்து பூட் செய்தால் எம்பிஆர் டிஸ்க்கை அப்படியே ஏற்றுக்கொள்ளும். அது மெனுவில் வரவில்லையென்றால் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரையில்) சிஎஸ்எம் அல்லது லெகசி என்ற பழைய பூட் முறையை ஆன் செய்யுங்கள். பென் டிரைவை ரூஃபஸில் (பூட் ஆகும் பென் டிரைவ் தயாரிக்கும் மென்பொருள்) ஜிபிடி என்று கொடுத்துத் தயாரித்திருந்தால் மட்டும் எம்பிஆர் என்று மாற்றி மறுபடி எழுத வேண்டும். எந்த வழியானாலும் படங்களை முதலில் வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு உட்காருங்கள்.

கேள்வி: ஃபைல் காப்பி முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடியும் மொழி கேட்கிறது, முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஏன்?

பதில்: பென் டிரைவிலிருந்தே திரும்பவும் பூட் ஆகிறது. முதல் ரீஸ்டார்ட்டில் அதைப் பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் ஒழுங்காக ஏறிவிட்டது, இரவு பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காலையில் போட்டால் நீலத் திரை. மறுபடி இன்ஸ்டால் செய்தால் மறுநாளும் இதே கதை.

பதில்: நீலத் திரையில் இன்அக்சசிபிள் பூட் டிவைஸ் என்று இருக்கிறதா? கணினியில் தேதியும் எப்போதோ ஒரு பழைய வருடத்தைக் காட்டுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மதர்போர்டில் காசு மாதிரி உட்கார்ந்திருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. அது இல்லாமல் கரன்ட் போனதும் பயாஸ் தன் செட்டிங்கை மறந்துவிடுகிறது, ஏஎச்சிஐ என்று இருந்த சாட்டா மோடு (டிஸ்க்கோடு பேசும் முறை) பழைய ஐடிஇ ஆகிவிடுகிறது, விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கே தெரியாமல் போகிறது. மூன்றாவது தடவை இன்ஸ்டால் செய்ய வேண்டாம். சிஆர்2032 பேட்டரி ஒன்று வாங்கி, பிளஸ் குறி மேலே தெரிய மாட்டிவிட்டு, பயாஸில் தேதியைத் திருத்தி, சாட்டா மோடை இன்ஸ்டால் செய்த அன்று இருந்தபடி வைத்து சேவ் செய்யுங்கள். இருக்கிற விண்டோஸே திறக்கும்.