இரவு ஷிப்டை விடு, மாத்திரையை விடாதே

வணக்கம் ஐயா. எனக்கு வயது 27. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. போன வருடம் பைபோலார், அதாவது மனம் அளவுமீறிப் பொங்குவதும் சோர்ந்துபோவதும் மாறி மாறி வரும் நோய் என்று டாக்டர் சொன்னார். அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது நன்றாக இருக்கிறேன், ஆனால் முன்போல் கவிதை வருவதில்லை. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

வாசகர், பினாங்கு

அன்புள்ள தம்பி,

கவிதையை அப்புறம் பேசலாம். நிறுத்தலாமா என்று டாக்டரை விட்டுவிட்டு என்னைக் கேட்கிறாயே, அதற்குத்தான் கோபம் வருகிறது. லித்தியத்தைத் திடீரென்று விட்டால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். மனம் மந்தமாக இருக்கிறது என்று டாக்டரிடம் சொல், அளவை மாற்றிப் பார்ப்பார். அவ்வளவுதான்.

என்னை உறுத்தியது நீ போகிறபோக்கில் எழுதிய அந்த 'இரண்டு வாரம் இரவு'. என் அக்கா மகனுக்கும் இதே நோய். ஒரு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ரோட்டில் பந்தல் போட்டிருந்தோம். அவன் இரண்டு மூன்று இரவாகக் கண்ணே மூடவில்லை, மோர் கலக்கினான், வெங்காயம் உரித்தான், களைப்பே தெரியவில்லை. என்ன பக்தி என்று பெரியவர்கள் மெச்சினார்கள். பிறகு பார்த்தால் பிஸ்கட் அட்டைப்பெட்டியில் அடுத்த வருடம் நூறு பந்தல் போடக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறான், மார்க்கர் எழுத்து அட்டையைத் தாண்டி மேசைமேல் ஓடுகிறது, சம்பளப் பணம் முழுக்க வருகிறவர் போகிறவர் கைக்குப் போய்விட்டது.

தூக்கம் கெடுவது நோயின் அறிகுறி மட்டுமில்லை தம்பி, நோயைக் கிளப்பிவிடுவதே பல பேருக்கு அதுதான். இரவு வேலை என்றால் மாத்திரை நேரமும் மாறும், ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று பார்க்க, கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்கவேண்டிய ரத்தப் பரிசோதனையும் குழம்பும். இன்று என் அக்கா மகன் இரவு பத்தரைக்கு விளக்கை அணைத்துவிடுவான். கல்யாண வீடானாலும் எழுந்து போய்விடுவான். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள், கோபித்துக்கொள்ளட்டும். பூசத்துக்கு இப்போதும் வருகிறான், பந்தலில் காலை வேலை மட்டும். விரதம் என்று தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடப்பதில்லை, கால்வலிக்குப் பார்மசியில் ஐபுபுரோஃபென் வாங்கிப் போடுவதில்லை, இரண்டுமே ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். கை நடுக்கம் கூடி, வாந்தி பேதி வந்து, நடை தள்ளாடினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், நீயும்தான்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது ஒரு கடிதம் கேள். நோயின் பெயர் வேண்டாம், உடல்நிலை காரணமாகப் பகல் ஷிப்ட் மட்டும் என்று இருந்தால் போதும். மேலாளர் முகத்தைச் சுளித்தாலும் கொடு. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது, அந்தக் கவிதைகளையும் அனுப்பு.