டோக்கியோ பங்குகளை வெளியிலிருந்து வாங்குதல்: கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானில் வசிக்காத நான் டோக்கியோ பங்குச் சந்தையில் நேரடியாக வாங்க முடியுமா?

முடியும். ஆனால் ஜப்பானின் இணையத் தரகு நிறுவனங்கள் பெரும்பாலும் அங்கு வசிப்பவர்களுக்கே கணக்குத் திறப்பதால், டோக்கியோவுக்கு ஆர்டர் அனுப்பும் பன்னாட்டுத் தரகரை நாட வேண்டும். அங்கே பங்குகள் நூறு நூறாகவே விற்கப்படுகின்றன. ஒரு பங்கின் விலை 50,000 யென் என்றால் 50 லட்சம் யென் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. நிண்டெண்டோ 2022 அக்டோபரில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்த பிறகுதான் பலருக்கு அது எட்டியது. அவ்வளவு தொகை இல்லாதவர்கள் நியூயார்க்கில் டாலருக்கு விற்கும் டொயோட்டா, சோனி ஏ.டி.ஆர்.களையோ (வெளிநாட்டுப் பங்குக்கு ஈடாக அமெரிக்காவில் விற்கும் சான்றுகள்) ஜப்பான் இ.டி.எஃப்.களையோ (பல பங்குகளை ஒன்றாகச் சேர்த்து, பங்கைப் போலவே சந்தையில் விற்கும் நிதிகள்) வாங்கலாம்.

கேள்வி: டாலரில் வாங்கினால் யென் பற்றிய கவலை இல்லைதானே?

இருக்கிறது, தயவுசெய்து இதை மனத்தில் கொள்ளுங்கள். விலை எந்த நாணயத்தில் எழுதப்பட்டாலும் அதன் அடியில் இருப்பது யென் சொத்து. 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 103 யென். 2024 பிப்ரவரியில் 150. இடையில் 1,000 யென் பங்கு 1,300 ஆகியிருந்தாலும், டாலர் கணக்கில் 9.71 என்பது 8.67 ஆகியிருக்கும்.

மறுப்பு: யென் சரிந்தால் ஏற்றுமதி நிறுவனங்களின் லாபம் கூடுமே. ஹெட்ஜ் செய்த, அதாவது யென் ஏற்ற இறக்கத்தின் தாக்கத்தை நீக்கிய, இ.டி.எஃப். வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

முதல் பாதியை ஏற்கிறேன். டொயோட்டாவுக்கு அது பொருந்தும், இறக்குமதியை நம்பிய மளிகைச் சங்கிலிக்குப் பொருந்தாது. இரண்டாவது பாதியை ஏற்க மாட்டேன். 2024 ஜூலை 31 அன்று ஜப்பான் வங்கி வட்டியை உயர்த்தியது, யென் வேகமாக வலுத்தது, ஆகஸ்ட் 5 அன்று ஜப்பானின் முக்கியப் பங்குக் குறியீடான நிக்கேய் ஒரே நாளில் 12.4 விழுக்காடு விழுந்தது. ஹெட்ஜ் செய்யாதவருக்கு யென் ஏற்றம் இழப்பில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொண்டது. ஹெட்ஜ் செய்தவர் அடியை முழுதாக வாங்கினார்.

மறுப்பு: அது ஒரு நாள் கதை.

பணம் தேவைப்படும் நாளும் அதுவாக இருக்கலாம். ஹெட்ஜ் செய்தது பாதி, செய்யாதது பாதியாக வைப்பதே என் வழி.

கேள்வி: ஏ.டி.ஆர். வாங்கினால் நாணய அபாயம் தவிருமா?

இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இந்திய நேரப்படி சந்தை எப்போது?

காலை 5.30 முதல் நண்பகல் 12 வரை. நடுவே 8 முதல் 9 வரை இடைவேளை. 2024 நவம்பர் 5 முதல்தான் முடிவு நேரம் அரை மணி நீண்டது.

கேள்வி: இந்தியாவிலிருந்து நிக்கேய் ஃபியூச்சர்ஸ் (குறியீட்டைப் பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) வாங்கலாமா?

முடியாது. அதற்கு மார்ஜின் எனும் பிணைத்தொகை கட்ட வேண்டும்; தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வழிசெய்யும் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தின் கீழ் வெளிநாட்டு மார்ஜினுக்குப் பணம் அனுப்ப அனுமதியில்லை.

கேள்வி: டிவிடெண்ட் வரி?

ஜப்பான் 15.315 விழுக்காடு பிடிக்கும். இந்தியாவுடனான வரி ஒப்பந்தப்படி 10. குறைந்த விகிதத்தைப் பெறும் படிவங்களுக்கு உங்கள் ஆடிட்டரை அணுகுங்கள்.